வெறும் நீரில் நின்ற வெங்காயங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேர்களை ஆராயும் ஒருவர் என்னை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். செல் பிரிவது தெரியும் என்றார். வெகுநேரம் பார்த்தேன். கறுப்பாக ஒரு வளைகோடு அசைந்தது. "ஆகா!" என்றேன். அது என் இமைமயிர். அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் முதல்ல அதைத்தான் பாப்பாங்க" என்றார். அன்றிரவு அந்த வெட்கத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

வெங்காயத்தின் அடியை அவள் சுரண்டிக்கொண்டிருந்தபோது வெளியே மழை —

வேண்டாம். மழைக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. நேராகவே சொல்கிறேன்.

அவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. தன் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களின் வாயில் வெங்காயங்களை உட்காரவைப்பது அவள் வேலை. அடி மட்டும் தண்ணீரைத் தொடும். பாதிக் குழாய்களில் வெள்ளியின் நானோ துகள் கலந்த நீர். வேரின் செல்லுக்குள்ளேயே நுழைந்துவிடக்கூடிய அளவுக்குச் சன்னமான பொடி. மீதிக் குழாய்களில் எதுவும் கலக்காத, ஆவியாக்கிக் குளிரவைத்த வடிநீர். வேர் விட்டதும் நுனியை நறுக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலால் நசுக்கிப் பார்ப்பாள். வெள்ளி நஞ்சு என்றால் அந்த வேர்கள் குட்டையாகும், செல்கள் பிரியத் திணறும், குரோமோசோம்கள் ஒட்டிக்கொள்ளும். வெறும் நீரில் நின்றவை செழிப்பாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை.

வித்தியாசமே இல்லை.

"அப்போ ஒண்ணும் பண்ணாது, அப்படித்தானே?" என்றாள் அவளுடைய அக்கா. அக்கா நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள். நாற்றழுகல் நோய்க்கு இதே வெள்ளி மருந்தை விற்க ஒருவன் அவளிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தான்.

"ஒண்ணும் பண்ணாதுக்கா. தைரியமா வாங்கு."

(அந்தத் "தைரியமா"வை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.)

3

ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் சமையலறை ஜன்னலில், ஒரு டம்ளர்மேல் வெங்காயம் உட்கார்ந்திருந்தது.

"உன்னைப் பாத்துத்தான் வெச்சேன். நானும் விஞ்ஞானிதான், தெரிஞ்சுக்கோ."

வேர்கள் டம்ளரின் அடிவரை வெள்ளை வெளேரென்று இறங்கிச் சுருண்டிருந்தன. ஆய்வுக்கூடத்தில் வெறும் நீரில் நின்ற வேர்கள் நகத்தின் நீளம்கூட இல்லை. நுனி பழுத்து, கொக்கியாக வளைந்தவை. அவளுக்குக் கண் கலங்கியது.

"என்னடி, இன்னும் உரிக்கவே இல்லை, அதுக்குள்ள அழற?"

"இதுல என்ன தண்ணிக்கா?"

"குழாய்த் தண்ணி. பின்ன பன்னீரா ஊத்துவாங்க?"

ஆய்வுக்கூடத்தில் நீரை வடிக்கும் கருவியின் கண்ணாடிச் சுருள் உடைந்தபோது, வேலை நின்றுவிடக் கூடாதென்று செம்புக் குழாயைப் பொருத்தச் சொன்னவள் அவள்தான். ஆவி அதற்குள் குளிர்ந்து சொட்டும்போது துளியளவு செம்பையும் கூட்டி வந்திருக்கிறது. மனிதர் குடித்தால் ஒன்றும் ஆகாது. வெங்காய வேருக்கு அந்தத் துளியே அதிகம். எல்லாச் சோதனைக் குழாய்களுக்கும் அதே நீர்தான். இரண்டு பக்கமும் நோயாளிகள். அதனால்தான் வித்தியாசம் இல்லை.

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. இவ்வளவு படித்தவளுக்கு வெறும் நீர் வேர்களைத் தனியாகப் பார்க்கத் தோன்றவில்லையா? தோன்றவில்லை. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டாளே தவிர, இரண்டுமே கெட்டிருக்குமோ என்று கேட்கவில்லை. (என் வரைவுகளை நானும் இப்படித்தான் ஒப்பிடுகிறேன்.)

முடிவுகளாவது எழுதிப் பார்க்கிறேன். மருந்து விஷம் என்று அக்காவைத் தடுக்கிறாள். பொய், அவளுக்கு அது தெரியாது. பேசாமல் இருக்கிறாள், நாற்றுகள் செழிக்கின்றன. அதுவும் நடக்கக்கூடியதுதான், அதுதான் என்னைக் குழப்புகிறது. பேராசிரியரிடம் போய் அவள் —

அதற்குள் அவள் போன் அடிக்கிறது. அக்கா.

5

"மருந்தைக் கரைச்சாச்சு. ஊத்தப் போறேன்."

"அக்கா, நில்லு. எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"நல்லதா கெட்டதான்னு. என் சோதனை தப்பு."

"போன வாரம் தெரிஞ்சது இந்த வாரம் தெரியலையா? படிக்கப் படிக்க மறந்துபோகுமாடி? இங்க ஓரத்து நாத்துத் தட்டு அழுக ஆரம்பிச்சிருச்சு. இன்னைக்கு எதாவது பண்ணலேன்னா மொத்தமும் போயிடும்."

அவள், "பாதிக்கு ஊத்து. பாதியை விட்டுடு. அப்பதான் தெரியும்" என்றாள்.

"சரி. எந்தப் பாதி சாகணும்? அதையும் நீயே சொல்லு."

என் தாளில் நாற்றுத்தட்டுகள் இரண்டு வரிசை. மருந்து கொல்லுமா, மருந்தில்லாமை கொல்லுமா என்பதை எழுதித் தீர்க்க முடியாது. நான் எதை எழுதினாலும் இந்தத் தாளில் அதுதான் நடக்கும், அதனால் ஒன்றும் நிரூபணமாகாது.

அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாளியைத் தூக்கிவிட்டாள். இடது வரிசையா, வலது வரிசையா? நீங்கள் சொல்லுங்கள்.