குலுக்கலில் விழுந்த பூட்ஸ்

1
இந்தக் கதை எங்கள் தெரு மீன்காரி விட்ட அரைப் பேச்சிலிருந்து வந்தது. உலகப்போர் முடிந்த மறு வருஷம் தெருவுக்கே ஒரு ஜோடி பூட்ஸ்தான் ரேஷனில் வந்ததாம். சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்களாம். மீதியைச் சொல்வதற்குள் மீன் வாங்க ஆள் வந்துவிட்டது. ஆகவே மீதி என் சரக்கு.

2
'அகிதாவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, கினுயோ...'

(அடித்துவிட்டேன். ஜப்பானின் வடக்கே இருக்கும் அகிதாவில் பனி கொட்டாமல் வேறென்ன செய்யும்?)

மறுபடி. வந்தவை ஆண்களுக்கான பூட்ஸ். ஆண் உள்ள வீடுகள் மட்டும் சீட்டெடுக்கலாம் என்பது விதி. கினுயோவின் கணவன் தோகுஜி சைபீரியாவில் போர்க்கைதியாக இருக்கிறானா, மண்ணுக்குள் இருக்கிறானா என்று ஒரு தகவலும் இல்லை. இருந்தும் அவள் அவன் பெயரைக் கொடுத்தாள். மறுக்க வாயெடுத்த தெருத்தலைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார். சீட்டு அவளுக்கே விழுந்தது.

3
(இங்கே அவளை அழவைக்கப் பார்த்தேன். மசியவில்லை.)

வாசலில் பூட்ஸை வைத்தாள். போடக் காலில்லாத வீட்டுக்கு பூட்ஸ் எதற்கு என்று பக்கத்து வீட்டு உமெனோ ஜாடை பேசினாள். தபால்காரர் ஒகிமுரா வைக்கோல் செருப்போடு மலையேறி இறங்குகிறார், பனி கடித்துக் கால்விரல்கள் கறுத்துவிட்டன, அவருக்குக் கொடுக்கலாமே என்றது தெரு. கொடுத்தால் புருஷனைக் கைகழுவியதாகும். கொடுக்காவிட்டால் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கினுயோவுக்கு இரண்டுமே ஆகவில்லை.

4
ஒருநாள் தெருமுனையில் ஒகிமுராவை மறித்தாள்.

"அண்ணே, இதப் போட்டுக்குங்க. சும்மா இல்ல, இரவல்."

"எதுவரைக்கும், தங்கச்சி?"

"அவரு உசுரோட இருக்காருன்னு அவரு கையெழுத்துல கடுதாசி வர்ற வரைக்கும். வந்தா, கழட்டிக் கையில எடுத்துட்டு வாங்க. சர்க்கார் உறையில வேற சேதின்னா போட்டுக்கிட்டே வாங்க, உங்களுக்குத்தான். தூரத்துலயே தெரிஞ்சுக்குவேன்."

ஒகிமுரா காலை நுழைத்துப் பார்த்தார். "உன் வீட்டுக்காரருக்குக் காலா, படகா?"

கினுயோ சிரித்துவிட்டாள். (இந்தச் சிரிப்பை நான் எழுதவில்லை. அதுவாக வந்தது.)

அவர் உள்ளே வைக்கோல் திணித்துக்கொண்டு நடந்தார். கால் சூடாக இருந்தது. சீக்கிரம் இதைக் கழற்றும்படி ஆகவேண்டும் என்று வழியில் இருந்த கோயிலிலெல்லாம் கும்பிட்டார்.

5
அவள் வீட்டுக்குக் கடிதம் இருந்தால்தான் அவர் சந்துக்குள் திரும்புவார். மார்ச்சில் ஒரு காலை திரும்பினார்.

(முடிவு ஒன்று: அவர் கையில் பூட்ஸ்...

முடிவு இரண்டு: அவர் காலில் பூட்ஸ்...

இரண்டையும் எழுதத் தொடங்கினேன். முதலாவதை எழுத எனக்கு உரிமையில்லை என்று பட்டது, இரண்டாவதை எழுதத் தைரியமில்லை.)

கினுயோ வாசலில் நிற்கிறாள். ஒதுக்கிய பனி பாதையோரம் மார்பளவு சுவராக நிற்பதால், வளைவில் வருகிறவரின் தொப்பியும் முகமும்தான் தெரிகின்றன. கையும் காலும் மறைந்திருக்கின்றன. குளிரில் எல்லா முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதில் படிக்க ஒன்றுமில்லை. இன்னும் சில அடி வந்தால் தெரிந்துவிடும்.

நான் இங்கேயே பேனாவை வைக்கிறேன். அந்தச் சில அடியை நீங்கள் நடத்திவையுங்கள். ஆனால் ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். ஒருவேளை அவர் பனியில் வெறுங்காலோடு நிற்கலாம்.