இடது கைக்கு முப்பது நாள்

மாயவனின் வலது கை கெட்டிக்காரக் கை. அக்கார்டியன் பெட்டியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எந்தப் பழைய பாட்டையும் கட்டைகளில் உருட்டி எடுத்துவிடும். இடது கை அப்படியில்லை. துருத்தியை இழுக்கும், தள்ளும், அதோடு சரி. தன் பக்கத்தில் பேஸ் என்னும் அடிநாதம் தரும் நூற்றிருபது பட்டன்கள் இருப்பதையே அது கண்டுகொண்டதில்லை. பென்னாகரத்தில் இன்னிசைக் குழு நடத்தும் கருப்பண்ணன் ஒருநாள் கேட்டுவிட்டு உள்ளதைச் சொன்னார்.

"வலது கை தங்கம், தம்பி. நொட்டாங்கைதான் தண்டச்சோறு. ஒரு மாசத்துல அதுல பேஸ் வாசிக்கக் கத்துக்க. உங்க ஸ்கூல் தாளாளர் பொண்ணு கல்யாண ரிசப்ஷன்ல உன்ன மேடை ஏத்தறேன்."

மேடை என்பது லேசுப்பட்ட விஷயமா? மாயவனுக்கு வயது நாற்பத்தெட்டு. தனியார் பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதியே தேய்ந்தவன். இருபது வருட வாசிப்பில் அவனைக் கேட்டதெல்லாம் மனைவி கோவிந்தம்மாளும் பக்கத்து வீட்டு ஆடுகளும்தான். ஆடுகளாவது தலையாட்டும்.

யூடியூபில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் வழி சொன்னார். சிறு குழி போட்ட ஒரு பட்டனைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரல்களை நடக்கவிட வேண்டும். அது போக, முப்பது நாள் எல்லா வேலையையும் இடது கையாலேயே செய்ய வேண்டும். அவர் ஊரில் அது நடக்கும். பாவம், அவருக்குப் பென்னாகரத்தைத் தெரியாது.

பல் தேய்த்தது, சட்டைப் பித்தான் போட்டது வரை வம்பில்லை. சோற்றில் மட்டும் அந்தக் கையை வைக்கக் கோவிந்தம்மாள் விடவில்லை. டீக்கடையில் காலி டம்ளரை இடது கையால் நீட்டினான், மாஸ்டர் முறைத்தார். பள்ளியில் டி.சி.யை இடது கையால் கொடுத்தான். பிள்ளைக்குப் படிப்பு ஏறாமல் போய்விடும் என்று ஓர் அம்மா வாங்க மாட்டேனென்று நின்றார். மாயவன் மனம் தளரவில்லை. மோதிர விரல் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியிருந்தது.

இருபத்திரண்டாம் நாள் தாளாளர் மாதவராஜ் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கே வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார். பழக்கம் ஏறிப்போன மாயவன் இடது கையை நீட்டினான். தட்டு அந்தரத்தில் நின்றது. தாளாளருக்கு முகம் கறுத்தது. கோபம் வந்தால் ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டுத்தான் அவர் தண்ணீரே குடிப்பார்.

கோவிந்தம்மாள் ஓடிவந்தாள். முந்தானை அதற்குள் கண்ணுக்குப் போயிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க சார். அவருக்கு சோத்தாங்கை வரலீங்க. வாதம் அடிச்சிருச்சு. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடக்கறாருங்க."

மாயவன் வாயைத் திறந்தான். அவள் அவன் காலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டான். வலது கையும் நிலைமை புரிந்து தானாகத் தொங்கிப்போனது.

ஒருவன் நல்ல கையை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே இடது கையை நீட்டுவான் என்பதை நம்ப ஊரில் ஆளில்லை. வாதம் என்றதும் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. முறைத்த டீ மாஸ்டர் சாத்துக்குடியோடு வந்தார். டி.சி. வாங்க மறுத்த அம்மா மன்னிப்புக் கேட்டு அழுதார். பக்கத்துத் தெரு குள்ளம்மாள் ஏதோ எண்ணெயைக் கொண்டுவந்து, நன்றாக இருந்த கையைத் தினமும் ஒரு மணி நேரம் பிசைந்து நோகடித்தாள்.

கடைசியாகக் கருப்பண்ணன் வந்தார்.

"மனச விட்றாத தம்பி. ரிசப்ஷனுக்கு ரஞ்சித்குமார கீபோர்டு வாசிக்கச் சொல்லிட்டேன். நீ முன்வரிசையில உக்காந்து கேளு."

கை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் தாளாளரை அவமதித்தவன் ஆவான், வேலை போகும். சொல்லாவிட்டால் மேடை போகும்.

"வேலை போனா சோறு போவும். மேடை போனா என்னாங்க போவும்?" என்றாள் கோவிந்தம்மாள்.

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. சொன்னால் அவளுக்குப் புரியாது. கதவைச் சாத்திக்கொண்டு, துருத்தியை இழுக்காமல் சத்தம் வராதபடி பட்டன்களை அழுத்திப் பார்த்தான். ஒரு விரல்கூடத் தப்பவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒகேனக்கல் சாலை மண்டபத்தில் ரிசப்ஷன். இரண்டு பாட்டுவரை பொறுத்தான். மூன்றாவதாக ஒரு பழைய டூயட்டை ரஞ்சித்குமார் கீபோர்டில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். குழுவின் அக்கார்டியன் மேடை ஓரத்தில் அழகுக்காக வைக்கப்பட்டிருந்தது. வேலையாவது மண்ணாவது என்று எழுந்து போய், அதை எடுத்து மாட்டிக்கொண்டான் மாயவன்.

வாசித்தான். இடது கை நடந்தது, தாவியது, பேஸும் சுரக்கூட்டும் மாறி மாறி விழுந்தன. பட்ட அவமானம் அத்தனையும் அந்த விரல்களில் இறங்கி வந்தது. வாழ்நாளில் இப்படி வாசித்ததில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

கூட்டம் எழுந்து நின்றது. எல்லாக் கண்ணும் வலது கை மேல் இருந்தது. தாளாளர் மைக்கைப் பிடுங்கி, தன் மகள் கல்யாணத்தில், தன் மேடையில், வாதம் வந்த கை எழுந்துவிட்டது என்று பெருமை பொங்க அறிவித்தார். குள்ளம்மாள் வரிசை வரிசையாகப் போய்த் தன் எண்ணெயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாளின் முந்தானை மறுபடியும் கண்ணுக்குப் போனது.

வேலை தப்பியது. மேடையும் கிடைத்தது. ஆனாலும் மாயவனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கருப்பண்ணன் பக்கம் குனிந்தான்.

"அண்ணே, நொட்டாங்கை எப்படி இருந்துச்சுங்க?"

"அத யாருப்பா பாத்தா? சோத்தாங்கை பொழைச்சுதே, அது போதும்." அவர் தோளைத் தட்டினார். "அடுத்த மாசம் மொரப்பூர்ல கச்சேரி. நீதான் வாசிக்கற. ஆனா நொட்டாங்கையப் போட்டு அலட்டிக்காத. பேஸ ரஞ்சித்குமார் கீபோர்டுல பாத்துக்குவான்."

மாயவனுக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டம் அதற்கும் கைதட்டியது.