இடது பக்க சீட்டு

பாலுசாமி உயிரோடிருந்த கடைசி வருஷம் ஆனி மாதத்தில், தன் ஃபியட் காரை விற்றுவிடுவதென்று முடிவு செய்தார். வாங்குவதற்கு ஆளும் கிடைத்துவிட்டது. சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் செய்யும் சென்னியப்பன் திங்கட்கிழமை காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

அதைக் கேட்டு நிம்மதி அடைந்திருக்க வேண்டியவள் அவர் மனைவி கனகம். பதினேழு வருஷமாக ஒரு காரோடு பங்கு போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தியவள். ஆனால் அவளுக்குப் பயம்தான் வந்தது.

கார் வைத்திருப்பவர்கள் ஒண்டிப்புதூரில் நிறையப் பேர் இருந்தார்கள். பாலுசாமி அந்தக் கணக்கில் சேராதவர். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து ஆழியாறு போவார். வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுவார். மேலே போய் ஒரு டீகூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பி இறங்கி வருவார். கல்யாணமான புதிதில் கனகம் ஒருமுறை கூடப் போய், பதினோராவது வளைவில் வாந்தி எடுத்து, அதோடு அந்த ஆசையை விட்டாள். "அங்க போயி என்னத்தைப் பாத்தீங்க?" என்று கேட்டால், "பாக்கறதுக்கா போனேன்? ஓட்டறதுக்குப் போனேன்" என்பார்.

அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்த பாலுசாமி இரண்டாம் நாளே கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவள் சிங்காநல்லூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். சூலூர் தாண்டி ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். தினமும் அந்த ஃபியட்டிலேயே, அதே ரோட்டில், நாற்பதைத் தாண்டாமல், ஹாரன் அடித்துக்கொண்டே போய் வருவாள். "அதுக்குப் பேரு வண்டி ஓட்டறதில்ல கனகம். ரேஷன் கடைக் கியூவுல நிக்கறது. என்ன, நீ உக்காந்துட்டு நிக்கறே" என்பார் பாலுசாமி. அவள் ஓட்டுவதைப் பற்றி அவருக்கு இன்னொரு சொல்லும் உண்டு. கிளார்க் டிரைவிங்.

சித்திரையில் ஒருநாள், தன்னுடைய லேத் பட்டறையில் நின்றபடியே வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் தலைக்குள் கட்டி. மருந்து மாத்திரைகளைச் சொல்லி முடித்த டாக்டர், எழுந்து கொண்டவரை மறுபடி உட்காரச் சொல்லி, "இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதுங்க" என்றார். கட்டி என்று கேட்டபோது கலங்காத மனிதர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவர் காரில் ஏறவில்லை. இடது பக்க சீட்டில் உட்கார்ந்து போக அவருக்கு மனமில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனார். காலையில் கனகம் காரை வெளியே எடுக்கும்போது கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். சாப்பாடு பாதி தட்டிலேயே கிடந்தது. பேச்சும் குறைந்தது. கார் போய்விட்டால் மீதி இருக்கிற மனிதரும் சேர்ந்து போய்விடுவார் என்றுதான் கனகம் பயந்தாள்.

அந்த வாரம் அவரைப் பார்க்க வரதராஜுலு வந்தார். அவர் பம்ப் கம்பெனி முதலாளி. வருஷத்துக்கு ஒருமுறை கார் ராலி நடத்துகிறவர்களில் முக்கியமானவர். ஞாயிற்றுக்கிழமை ராலி இருந்தது. இந்த ராலியில் முந்துகிறவன் ஜெயிப்பதில்லை. மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் என்று சராசரி வேகம் ஒன்றைக் கொடுப்பார்கள். வழியில் எங்கெங்கோ மறைவாக நிற்பவர்கள் வண்டி வரும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு வினாடி தாமதமானால் ஒரு பாயிண்ட் அபராதம், ஒரு வினாடி முன்னால் வந்தால் இரண்டு. ஒருவர் ஓட்ட, பக்கத்தில் ஒருவர் ரூட் சார்ட்டை வைத்துக்கொண்டு வழியும் நேரமும் சொல்ல வேண்டும். பாலுசாமி ஆறு முறை கலந்துகொண்டு ஆறு முறையும் முன்னால் போய் அபராதம் வாங்கியவர்.

"இந்த வருசம் நீங்க இல்லாம அபராதம் வாங்கறதுக்கே ஆளில்லீங்க" என்றார் வரதராஜுலு.

காபி கொண்டுவந்த கனகம், "ஏனுங்கண்ணா, பொம்பளைங்க ஓட்டலாமுங்களா?" என்று கேட்டாள்.

"தாராளமா ஓட்டலாமுங்க அம்மணி."

"அப்ப எங்க பேரை எழுதிக்குங்க. நான் ஓட்டறேன். மாமா சார்ட் பாப்பாங்க."

பாலுசாமி காபியைக் கீழே வைத்தார். வரதராஜுலு போகும்வரை பொறுத்திருந்து, "உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றார்.

"திங்கக்கிழமை வண்டி போகுதுங்க. ஒருக்காவாவது உங்களைக் கூட்டிட்டுப் போறனே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலுசாமி குளித்துவிட்டு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கைப்பிடியைத் தேடுகிறவர்போல நின்று, இடது கதவைத் திறந்து ஏறினார்.

வ.உ.சி. மைதானத்திலிருந்து உக்கடம் வழியாகப் பொள்ளாச்சி ரோட்டில் வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. ஆனிக் காற்று பக்கவாட்டில் வண்டியை நெட்டியது. கனகம் முள்ளை முப்பத்தாறில் வைத்துக்கொண்டு இம்மி பிசகாமல் ஓட்டினாள். பாலுசாமி சார்ட்டை மடியில் வைத்திருந்தாரே தவிர, ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ஆறாவது கிலோமீட்டரில் இடது திருப்பம் என்று சார்ட்டில் இருந்தது. திருப்பம் வந்தபோது வண்டியின் மீட்டர் ஐந்தே முக்காலைத்தான் தாண்டியிருந்தது.

"பாரு, அளக்கக்கூடத் தெரியல இவனுங்களுக்கு" என்றார்.

"நம்ம மீட்டர் தப்பா இருக்குமுங்களா?"

"என் கையால கழட்டி மாட்டின மீட்டர் அது. பொய் சொல்லாது."

நேரம் குறிக்கும் முதல் கன்ட்ரோல் பதினெட்டாவது கிலோமீட்டரில், ஒரு தென்னந்தோப்பு மறைவில் இருந்தது. கடிகாரத்தோடு நின்ற ஆள் நேரம் எழுதிய சீட்டை நீட்டினான். அறுபத்து நான்கு வினாடி முன்னால் வந்திருந்தார்கள்.

பாலுசாமி சீட்டைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நான்தான் அழுத்துவேன்னு ஊரே சொல்லும். உனக்கென்ன வந்துச்சு?"

"நான் அழுத்தலீங்க."

"அப்ப கடியாரந்தான் தப்பா ஓடுதா? காலு தன்னால எறங்கியிருக்கும். தினமும் தூங்கிட்டே ஓட்டறவங்களுக்கு அது தெரியாது."

கனகத்துக்குக் கண் கரித்தது. ஆனாலும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியபடியே, வகுப்பில் சொல்வது போலச் சொன்னாள். "வீட்டுல இருந்து எங்க ஸ்கூல் கேட்டுக்கிட்ட போனா மீட்டர்ல சரியா பதினாலு கிலோமீட்டர் கூடியிருக்கும். ஏழு வருசமா அப்படித்தானுங்க. நீங்க மாசியில இந்தப் பெரிய டயரை மாட்டுனீங்க. அதுக்கப்பறம் கேட்டுக்கிட்ட பதிமூணரைதானுங்க காட்டுது. ஸ்கூல் நகரலீங்க. சக்கரம் பெருசாயிருச்சு, ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகுது. மீட்டருக்கு அது தெரியாது. முள்ளும் கம்மியாத்தான் காட்டும். முப்பத்தாறுன்னு நெனைச்சிட்டு நம்ம முப்பத்தேழுக்கு மேல போயிட்டிருக்கோம்."

பாலுசாமி குனிந்து மீட்டரைப் பார்த்தார். "ஏன் சொல்லல?" என்றார் பிறகு.

"சொன்னா கிளார்க்குன்னு சொல்லுவீங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. டயர் மாட்டியவர் அவர். மீட்டரைப் பிரித்தவரும் அவர். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கணக்கு, தினமும் கியூவில் நிற்கிறவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

"ஒரு கிலோமீட்டருக்கு நூறு செகண்டு கொடுத்திருக்காங்க. நம்ம மீட்டருக்கு எவ்வளவு?"

"நூத்திநாலுங்க. கொஞ்சம் கம்மி."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "எட்டு செகண்டு பின்னால இருக்கறோம், லேசா ஏத்து. இப்ப சரி. அந்தக் கரும்பு வண்டியைத் தாண்டிப்போட்டு அதே வேகத்தைப் புடி." நெகமத்தில் இரண்டாவது கன்ட்ரோலுக்கு நான்கு வினாடி தாமதமாக வந்தார்கள். மூன்றாவதில் ஒரே ஒரு வினாடி. இப்படியே போனால் முதல் ஐந்து பேருக்குள் வந்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, ஓடுகிற வண்டியிலேயே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

கடைசிப் பகுதி உடுமலை ரோட்டில் வந்தது. இருபுறமும் புளியமரங்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை நேர்ரோடு, ஒரு பஸ் இல்லை, மாடு இல்லை. பாலுசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அப்படியே வா" என்றார்.

கனகம் கொஞ்ச தூரம் அப்படியே வந்தாள். பிறகு, "ஏனுங்க" என்றாள்.

"என்ன?"

"ஒரே ஒரு கிலோமீட்டர் மட்டும். என்னதான் இருக்குதுன்னு பாத்துக்கறனே."

அவர் அவளையே பார்த்தார். கையிலிருந்த சார்ட்டில் முதல் ஐந்தில் ஓர் இடம் அநேகமாக எழுதியிருந்தது. அதை மடித்துப் பின் சீட்டில் போட்டார்.

"மூணாவது கியருக்கு வா. அழுத்து. இன்னும். சத்தத்துக்குப் பயந்து காலை எடுக்காத, அது கத்தல, இப்பத்தான் வாய் தொறக்குது. நாலுக்கு எப்ப மாத்தோணும்னு நான் சொல்ல மாட்டேன்."

"எனக்கெப்படீங்க தெரியும்?"

"உனக்கே கேக்கும்."

இன்ஜினின் குரல் மேலே மேலே ஏறி, ஒரு இடத்தில் நின்று, எதையோ கேட்பது போல இருந்தது. அவள் கை தானாகப் போய் ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த கியரைத் தள்ளியது. வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு முன்னால் நழுவியது. எண்பது. தொண்ணூறு. புளியமரங்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே சுவராகப் போயின. அவளுக்கு வயிற்றைப் புரட்டவில்லை. பதினேழு வருஷமாக இந்த மனிதர் விடியற்காலையில் எழுந்து எதைத் தேடிப் போனார் என்பது, சொல்லத் தெரியாவிட்டாலும், அவளுடைய உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஒரு கிலோமீட்டர் முடிந்தது. இரண்டும் முடிந்தது. அவர் கணக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வளைவு தாண்டியதும் கொடி தெரிந்தது. கடைசி கன்ட்ரோல். அவள் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

வரதராஜுலுவே கடிகாரத்தோடு நின்றார். "ரெண்டு நிமிசம் முன்னாலங்க. ஏனுங்க பாலு, லெஃப்ட்ல உக்காந்தாலும் உங்க புத்தி மாறாதுங்களா?"

பாலுசாமி சிரிப்பை அடக்க முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நாந்தானுங்கண்ணா அழுத்தினேன்" என்றாள் கனகம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே சென்னியப்பன் வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கறீங்க. சாவி குடுங்க, கெளம்பறேன்" என்றார்.

"மன்னிக்கோணுமுங்க. வண்டி குடுக்கறதுக்கில்ல" என்றார் பாலுசாமி.

"முந்தாநாத்துக்கூடப் பேசினமுங்களே. ஓட்டறதுக்கு ஆளில்லைன்னீங்க."

"அப்ப இல்லீங்க. இப்பக் கெடைச்சாச்சு."

"டிரைவர் போட்டிருக்கறீங்களா? என்ன சம்பளமுங்க?"

"கவர்மென்ட்டு சம்பளமுங்க" என்றார் பாலுசாமி. உள்ளே டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த கனகம் அப்படியே நின்றாள். சென்னியப்பனுக்கு அது விளங்கவில்லை. மோர் வாங்கிக் குடித்துவிட்டு, காந்திபுரம் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

கனகம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது பாலுசாமியும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து இடது பக்கம் ஏறினார். "பட்டறைக்கு அப்பறம் பஸ்ல வந்துக்கறேன்" என்றார். அந்த வருஷம் மாசியில் அவர் இறந்தார். படுக்கையில் விழுகிற நாள்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சூலூர் ரோட்டில் கனகம் வழக்கம்போல ஒரு டவுன் பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டாள். முப்பதுக்கு மேல் போக வழியில்லை.

"தினமும் இதும் பின்னாலதான் போறியா?"

"ஆமாங்க. எட்டே கால் வண்டி. நெதானமா ஓட்டுவாரு."

பாலுசாமி முன்னால் சாய்ந்து, கண்ணாடி வழியே பஸ்ஸின் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார். "அந்தப் பின்சக்கரத்தைப் பாரு. ஆடுது. நட்டு லூசாயிருக்குது. எத்தனை நாளா இப்படி?"

"வெள்ளிக்கிழமை ஆடலீங்க" என்றாள் கனகம்.

அடுத்த ஸ்டாப்பில் பஸ் நின்றதும், "நிறுத்து, நிறுத்து" என்று இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவரின் ஜன்னலை நோக்கி நடந்தார். கொஞ்ச நேரத்தில் டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்து அவரோடு சக்கரத்தடியில் குந்திவிட்டார்கள். பயணிகளும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாலுசாமி கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். பள்ளியில் முதல் மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. கனகம் இன்ஜினை அணைத்துவிட்டு, காத்திருந்தாள்.