பக்கத்துத் தெருக் கூச்சல்

முக்கூடலில் மாலையானால் கரண்டு போய்விடும். பரீட்சைக் காலமாயிற்றே என்ற இரக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. சண்முகசுந்தரிக்குப் பொறுக்கவில்லை. தன் அரிசி ஆலையில் உமியை எரித்து ஓட்டும் எஞ்சினிலிருந்து தெரு வீடுகளுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தாள்.

ஆலைச் சுவரில் ஒரு கைப்பிடி. மேலே தள்ளினால் வீடுகளுக்கு மின்வாரியக் கரண்டு, கீழே இழுத்தால் ஆலைக் கரண்டு. வாரியக் கரண்டு திரும்பியதைக் கண்டுபிடிக்க அவள் தனியாக எதுவும் மாட்டவில்லை. எதற்கு? இருட்டில் கிடக்கும் பக்கத்துத் தெரு, கரண்டு வந்ததும் "ஏய்ய்!" என்று கத்தி ஊரைக் கூட்டிவிடுமே! அந்தச் சத்தம் கேட்டால் கைப்பிடி மேலே போகும்.

மின்வாரியம் சும்மா இருக்குமா? பொறியாளர் பூதலிங்கம் ஒருநாள் மாலை நேரிலேயே வந்துவிட்டார். அவர் சம்மதிக்காவிட்டால் தெருவுக்குப் போகும் கம்பிகளை அன்றைக்கே கழற்ற வேண்டும்.

"எல்லாம் சரிதாம்மா. அவசரத்துல உங்க கை தவறிச்சுன்னா? அங்கன பாருங்க, லயன்மேன் நெல்லையப்பன் கம்பத்துல ஏறி அறுந்த கம்பியைக் கட்டுதான். உங்க கரண்டு அவன்மேல பாஞ்சா யாரு பதில் சொல்லுதது?"

"அப்படி ஆவாது சார்" என்றாள். சொன்னாளே தவிர, உள்ளுக்குள் உதறல்தான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருவில் ஒரே கூச்சல். யோசிக்கும் முன்பே அவள் கை கைப்பிடியை மேலே தள்ளிவிட்டது. தெரு மொத்தமும் இருண்டது.

"யக்கா, என்ன செய்யுதிய?" என்று எதிர்வீட்டுப் பாக்கியவதி அலறினாள். "கரண்டு வரல! ரேடியோவுல கிரிக்கெட் கேக்கானுவ, விக்கெட் விழுந்திருக்கு!"

கம்பத்தில் ஆள் இருக்கும்போது கரண்டு எப்படி வரும்? சண்முகசுந்தரிக்கு உயிரே போய்விட்டது. பூதலிங்கம் வாசலுக்கு ஓடினார். "ஏலே நெல்லையப்பா!"

"என்ன சார்?" மேலிருந்து சாவகாசமாகப் பதில் வந்தது. "கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் இல்ல."

எஞ்சின் மட்டும் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடி ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் தானாக விட்டுப்போகும்; அதனால் ஆலைக் கரண்டு கைப்பிடியைத் தாண்டவே இல்லை.

அவள் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். வீடுகளில் வெளிச்சம் வந்தது. பூதலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கை தவறினா இருட்டுதான் வருது, ஆளு சாவல. எனக்கு அது போதும். எங்க கரண்டு இருந்தாலும் சாயங்காலம் முழுக்க நீங்களே குடுங்க. பாரம் குறைஞ்சா எங்க டிரான்ஸ்பார்மரும் அடிக்கடி புகையாது. ஆனா ராத்திரி எங்க கரண்டுக்கு மாத்தும்போது தெரியணும்லா, வாரியக் கம்பியில ஒரு பல்பு மாட்டிருங்க. அது எரிஞ்சாத்தான் கரண்டு வந்ததா அர்த்தம்."

சண்முகசுந்தரிக்குக் கண் கலங்கியது. ஆசை மட்டும் அடங்கவில்லை. "பக்கத்துத் தெருவுக்கும் குடுக்கட்டுமா சார்?"

"குடுங்க. டி.வி.யிலயே பாத்துக் கத்தட்டும்."