இடது பக்கமாகவே போன கார்

மாமனாரின் கார் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் முன் சக்கரத்திலிருந்து டக் டக் டக் என்று சத்தம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருப்பார்கள். மாமனார் வலது பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டார்.

அவருக்கு அது பெரிய சிரமமில்லை. ஓய்வு பெறும்வரை நகரப் பேருந்துகளுக்கு ரூட் போட்ட அதிகாரி அவர். வலது பக்கம் இருக்கிற கடைக்குப் போக வரிசையாக இடதிலேயே திரும்பி வந்தால் போதும் என்று உட்கார்ந்த இடத்திலேயே வழி போட்டுவிடுவார். பால் வாங்கப் போனால் பாதி ஊரைச் சுற்றிவிட்டு வருவார். கேட்டால், "சும்மா காத்தாட ஒரு ரவுண்டு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து தன்னைக் காத்தாட எங்கேயும் கூட்டிப் போகாத மனுஷனுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று மாமியாருக்குச் சந்தேகம் தட்டியது.

மருமகளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் பல் டாக்டர். ஆனால் வளர்ந்ததெல்லாம் அப்பாவின் கார் ஒர்க்‌ஷாப்பில். வாசலில் ஒரே ஒரு தடவை வண்டியை வலது பக்கம் ஒடித்தபோது வந்த சத்தத்தைக் கேட்டாள். குனிந்து இடது சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தாள். ரிம் முழுக்கக் கறுப்பாக கிரீஸ் தெறித்திருந்தது.

"மாமா, எஞ்சின்லேர்ந்து சக்கரத்துக்குப் போற தண்டு இருக்குல்ல, அதோட நுனியில ஒரு ஜாயிண்ட். உள்ள இரும்புக் குண்டுங்க, அதைச் சுத்தி கிரீஸ், அதுக்கு மேல ரப்பர் உறை. உறை போய் கிரீஸ் வெளிய கொட்டியிருக்கு. அந்த இடத்துல மண்ணு பூந்துடுச்சு. சத்தம் வந்தாச்சுன்னா பல்லு ஆட ஆரம்பிச்ச மாதிரி. ஜாயிண்டையே மாத்தணும்."

"சத்தம்தானேம்மா. வண்டி ஓடுதில்ல?"

"ஓடுற வரைக்கும் ஓடும். எங்கப்பாகிட்ட விட்டா அரை நாள் வேலை."

'எங்கப்பா' என்ற சொல்லைக் கேட்டதுமே மாமனார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சம்பந்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன வருஷம் ஒரு குடும்ப விருந்தில், நாலு பேர் நடுவே அவளுடைய அப்பா, "சம்பந்தி, அந்த டப்பாவை எப்ப தூக்கிப் போடப் போறீங்க?" என்று சிரித்தார். "உங்க ஒர்க்‌ஷாப்ல ஏறி இறங்கினா தேரே டப்பாவாயிடும்" என்றார் மாமனார். அன்றிலிருந்து இரண்டு பேரும் இவள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். 'உங்கப்பாகிட்ட சொல்லிடு', 'உன் மாமனார்கிட்ட கேளு' என்று ஆளுக்கொரு பக்கம். கணவன் வெளியூரில் வேலை பார்த்ததால் தப்பித்துக்கொண்டான்.

ஒரு நாள் காலை மாமியாரின் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல். "க்ளினிக்குக் கிளம்புங்க அத்தை, இன்னைக்கே எடுத்துடலாம்" என்றாள் மருமகள். அவளுடைய ஸ்கூட்டர் பஞ்சர். மாமனார் கார் சாவியை எடுத்தார்.

க்ளினிக் நேரே போய் வலது பக்கம். கார் இடது பக்கம் திரும்பியது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு இடது.

"எங்க போறீங்க?" என்றார் மாமியார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"ஷார்ட்கட்."

அடுத்த இடது திருப்பத்தில் தண்ணீர்க் குழாய் போடத் தெருவையே தோண்டி வைத்திருந்தார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் எல்லா வண்டியையும் வலது பக்கம் கை காட்டி அனுப்பினார். மாமனார் கண்ணாடியை இறக்கினார்.

"சார், எனக்கு லெஃப்ட்ல போகணும்."

"லெஃப்ட்ல பள்ளம் இருக்கு சார். பள்ளத்துக்குத்தான் போகணும்னா தாராளமாப் போங்க."

பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. வேறு வழியில்லை. மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். டக் டக் என்பது கடகட ஆனது. கடகட மடார் என்று முடிந்தது. எஞ்சின் மட்டும் உறுமியது.

மாமனார் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். "ஒண்ணுமில்ல, போய்க்கிட்டுத்தான் இருக்கோம். பாரு, நாப்பது காட்டுது."

மீட்டர் முள் உண்மையிலேயே நாற்பதில் நின்றது. மாமியார் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே ஒரு பெயிண்ட் கடை. ரொம்ப நேரமாக அதே பெயிண்ட் கடை.

"அப்ப அந்தப் பெயிண்ட் கடையும் நம்ம கூடவே நாப்பதுல வருதா?"

பின் சீட்டில் மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். "மாமா, ஜாயிண்ட் உடைஞ்சு போச்சு. எஞ்சின் சுத்துற சுத்தெல்லாம் அங்கேயே வீணாப் போகுது. சக்கரத்துக்கு ஒண்ணுமே போகாது. ஆஃப் பண்ணுங்க."

தோண்டி வைத்திருந்த தெருவின் கோடியில் க்ளினிக் போர்டு தெரிந்தது. மாமியார் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "நீங்க நாப்பதுலயே மெதுவா வாங்க. நான் நடந்து போறேன்."

மருமகள் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டு மாமியார் பின்னால் ஓடினாள். ஓடும்போதே அப்பாவின் பிக்கப் வண்டி வருவது தெரிந்தது. இவ்வளவு வேகமாக அவர் எந்த வாடிக்கையாளருக்கும் வந்ததில்லை. முகமெல்லாம் பல்லாக இறங்கினார்.

"சம்பந்தி, சௌக்கியங்களா? நடு ரோட்டுல என்ன பண்றீங்க?"

மாமனார் வானத்தைப் பார்த்தார். "காத்து வாங்குறேன்னு சொல்லும்மா."

சொல்ல அங்கே மருமகள் இல்லை. போலீஸ்காரர் மட்டும் இருந்தார். "சார் காத்து வாங்குறாராம்" என்றார் அவர். "சீக்கிரம் வாங்கிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

பல் லேசில் வரவில்லை. எடுத்து, வாயில் பஞ்சு வைத்து, மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு மருமகள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. கார் ஜாக்கி மேல் நின்றது. சக்கரத்தைக் கழற்றித் தண்டை உருவி மேஜை மேல் போட்டிருந்தார்கள். ஒரு தட்டில் உடைந்த ஜாயிண்டின் குண்டுகள் மண்ணும் எண்ணெயுமாகக் கிடந்தன. அப்பா, வேறு வேலையாக வந்தவர்களையும் நிறுத்தி வைத்துப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

"பாருங்க, காரை வச்சுக்கத் தெரியாதவங்க கையில கொடுத்தா இதான் கதி!"

மாமனார் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் பழைய ரப்பர் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழிசல் எங்கேயும் இல்லை. குறுகலான நுனியில் மட்டும் ஒரு நைலான் துண்டு அறுந்து தொங்கியது.

"அப்பா, இந்த உறையை மாட்டினது யாரு?"

"நான்தான். சண்டைக்கு முன்னால சர்வீஸ் பண்ணினப்போ புதுசா மாட்டினேன். சம்பந்தி வண்டியாச்சே."

"அப்ப உறையை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டீல் பட்டை எங்க? இது வயர் கட்டுற நைலான் நாடாப்பா. இது அறுந்துதான் உறை நழுவியிருக்கு."

அப்பா தொண்டையைச் செருமினார். "அன்னைக்குப் பட்டை ஸ்டாக் இல்ல. அப்புறமா மாத்திக்கலாம்னு..."

மாமனார் டயரிலிருந்து எழுந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஒரு வருஷத்துக் கோபத்துக்கு ஒரே நொடியில் விடிவுகாலம் பிறந்துவிட்டது.

"என் கார் டப்பா இல்ல! டப்பா வேலை பார்த்தது நீங்க!"

"கிரீஸ் தெறிச்ச அன்னைக்கே குனிஞ்சு பார்த்திருந்தா உறையை இழுத்து மாட்டியிருக்கலாம்! குனிஞ்சா உங்க கௌரவம் கீழ விழுந்துடுமா?"

"நான் ஏன் குனியணும்? ஒழுங்கா மாட்டியிருந்தா எவனும் குனிய வேணாம்!"

மாமியார் வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். "ரெண்டுமே சொத்தை. பிடுங்கிப் போட்டாத்தான் நிம்மதி." பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டு முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மருமகள் அப்பாவின் ஏப்ரனை மாட்டிக்கொண்டாள். புது ஜாயிண்டை மேஜையில் வைத்து, கிரீஸ் பாக்கெட்டை மாமனார் கையில் கொடுத்தாள். "முழுசையும் உள்ள திணிங்க மாமா. விரலாலதான். கஞ்சத்தனம் வேணாம்." அவர் முகத்தைச் சுளித்தபடி விரலை விட்டார். கொஞ்ச நேரத்தில் சுளிப்பு மறைந்து, குழந்தை மாதிரி ரசித்துத் திணிக்க ஆரம்பித்தார். சுத்தியலால் தட்டித் தண்டில் ஜாயிண்டை ஏற்றினார் அப்பா.

"உறையைப் பிடிக்கச் சொல்லும்மா" என்றார் மாமனார்.

"பிடிச்சாச்சுன்னு சொல்லு பாப்பா" என்றார் அப்பா.

"நான் கை கழுவப் போறேன்" என்று அவள் போயே போய்விட்டாள்.

இரண்டு பேரும் தண்டின் இரண்டு பக்கமும் நின்றார்கள். உறை ஒரு தடவை நழுவியது.

"இறுக்கிப் பிடிங்க சம்பந்தி" என்றார் அப்பா கடைசியில்.

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க கைதான் நடுங்குது."

"வயசாகுதுல்ல."

"எனக்கு மட்டும் குறையுதா? பட்டையை மாட்டுங்க. இந்தத் தடவை ஸ்டீல் பட்டை."

மாட்டினார்கள். தண்டை ஏற்றி, சக்கரத்தைப் பூட்டி, வண்டியை இறக்கி, ஓட்டிப் பார்க்கிற ஆசையில் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து வெளியே போனார்கள். போனவர்களை ரொம்ப நேரம் காணவில்லை. மறுபடியும் எங்கேயாவது நின்றுவிட்டதோ என்று மருமகள் போனை எடுத்தபோது, சத்தமே இல்லாமல் கார் உள்ளே வந்தது. இறங்கியவர்களின் முகம் சரியில்லை.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. "வழியில சந்தேகம் வந்து வலது சக்கரத்து உறையையும் பார்த்தோம். அதுவும் நைலான்தான்."

"நான்தான் குனிஞ்சு பார்த்தேன்" என்றார் மாமனார், பெருமையாக.

ஜாக்கி மறுபடியும் ஏறியது. வண்டிக்கு அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து மரியாதை குறையாமல் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஏம்மா" என்றார் மாமியார் பஞ்சுக்கு இடையே, "பல் எடுத்தா ஐஸ்கிரீம் சாப்பிடலாம்தானே?"

"தாராளமா சாப்பிடலாம் அத்தை."

"இவங்ககிட்ட சொல்லிட்டுப் போகணுமா?"

மருமகள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இரண்டு பேரும் கை கோர்த்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.