மண்தொட்டிக் கணப்பு

என் மகள் தாரணி கணவனோடு குளிர் மிகுந்த ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் குடியேறப் போகிறாள். கவிழ்த்த மண்தொட்டிக்கு அடியில் நாலு மெழுகுவர்த்தி ஏற்றினால் அறையே சூடாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அவளுடைய பயணப் பெட்டியில் இடமில்லாததால் இரண்டு கம்பளிகளை எடுத்துவிட்டு ஒரு தொட்டியை வைத்தேன். குளிருக்கு இதுவே போதும் என்று எல்லோரிடமும் சொல்லியும்விட்டேன். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவதில்லை.

"வாய்ப்பேச்சு வேணாம் சம்பந்தி, ஏத்திக் காட்டுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா சண்முகசுந்தரம்.

சென்னை அபிராமபுரத்தில் எங்கள் வீட்டின் படுக்கையறையை ஏசி போட்டுப் பதினெட்டு டிகிரிக்குக் குளிரவைத்தோம். பிறகு ஏசியை அணைத்துவிட்டு, இன்னொரு தொட்டியின் கீழ் மெழுகுவர்த்திகளை ஏற்றினேன். அரை மணியில் வெப்பமானி இருபத்தைந்து காட்டியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது என் மனைவி கோமதி உள்ளே வந்தாள்.

"ஏங்க, பக்கத்து ரூம்லயும் ஏசிய அதே மாதிரி போட்டு அணைச்சேன். அங்கயும் இருபத்தஞ்சுதான். ஒரு வத்தி கூட ஏத்தல."

சம்பந்தி சிரித்தார். "அப்போ சூடாக்கினது மெழுகுவத்தி இல்ல, மே மாசம்!"

"அப்பா, மே மாசத்த பெட்டில வெக்க முடியுமா?" என்றாள் தாரணி.

நான் பெட்டியைத் திறந்து தொட்டியை வெளியே எடுத்தேன். கம்பளிகளை மடித்து அந்த இடத்தில் வைத்தேன். சொன்ன சொல்லை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

அதற்குள் வெப்பமானி முப்பதைத் தாண்டியிருந்தது. சம்பந்தி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இப்பவாவது அந்த வத்திய அணைக்கலாமா?"