சுமித்ராவின் எறும்புகள்

சுமித்ரா படுத்தால் எறும்பு வரும். கடிக்காது; கழுத்திலும் மார்பிலும் தொடையிலும் சாவகாசமாக நடந்துவிட்டுப் போகும். பாகாலா பக்கத்து எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் வேலை, சாறு ஒட்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். சீசன் முடிந்து, மார்கழிக் குளிரில் அவள் சீயக்காய் தேய்த்துக் குளித்த பிறகும் வந்தால் என்ன சொல்வது? புருஷன் மணிவேல் திருப்பதிக்குக் கூட்டிப்போய் சுகர் டெஸ்ட் எடுத்தான். நார்மல். அப்படியே மலையேறி மொட்டையும் போட்டுக்கொண்டு வந்தான், பாவம். எறும்பு அதற்கெல்லாம் அசரவில்லை.

எறும்புச் சாரை எங்கே போகிறது என்று யாரும் பார்க்காமல் இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமா? பால் ஊற்றப் போன பெண்கள் பார்த்துவிட்டார்கள். வாசல்படி இறங்கி, ரோட்டைத் தாண்டி, மோனிகாவின் கட்டிலில் போய் முடிந்தது. மோனிகா புருஷனை விட்டு வந்தவள். ஃபாக்டரியில் சுமித்ராவுக்குப் பக்கத்தில் நின்று தோல் சீவுகிறவள். ஒரு மதியம், லோடு இறக்கும் சத்தத்துக்கு நடுவே, சுமித்ராவின் முழங்கைவரை வழிந்த சாற்றை அவள் நாக்கால் துடைத்தாள். சுமித்ரா கையை இழுத்துக்கொள்ளவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்துதான்.

கல்யாணம் ஆன நாளாகப் பக்கத்தில் படுக்கிற மணிவேல் மேல் ஓர் எறும்புகூட ஏறியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டையைக் கழற்றி, நெஞ்சு நிறையச் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டு பாயில் படுத்தான். எறும்புகள் வந்தன. அவனைச் சுற்றிக்கொண்டு சுமித்ராவிடம் போயின.

"என் மேல மட்டும் ஏம்மே ஏற மாட்டேங்குது?"

சுமித்ரா அழுதாள். "நீ இன்னா கொற வச்ச? ஒண்ணும் இல்லய்யா. நானும் அவள மறந்துடலாம்னுதான் பாத்தேன். ஆவல. ஒடம்பு எம்பேச்ச கேக்க மாட்டேங்குது."

"இப்ப நான் இன்னா பண்றது?"

ஈரத்துணியால் அவன் நெஞ்சைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் அவன் எறும்புப் பொடி வாங்கி வந்து வாசல் முழுக்கத் தூவினான். சாரை நின்றது. சுமித்ராவும் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? அவனே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவிவிட்டான்.

இப்போது சாரை மறுபடியும் ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் பால் வண்டி ஓரமாகப் போகிறது. மணிவேல் வேலைக்குக் கிளம்பும்போது காலைத் தூக்கிச் சாரையைத் தாண்டுகிறான். மழை வருகிற மாதிரி இருந்தால், ஒரு தகரத்தை அதன் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறான்.